பள்ளத்தை நிரப்புமுன் குழாயின் வாயைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் வட கரோலினா மாநிலத்தின் கேரி நகரில் வசிக்கிறோம், பச்சை அட்டை வைத்திருக்கிறோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சாத்தம் கவுன்டியில் 22 ஏக்கர் நிலம் வாங்கினோம். மேட்டில் உள்ள 9 ஏக்கரில் பக்கத்து விவசாயி குத்தகைக்குச் சோயாவும் மக்காச்சோளமும் போடுகிறார். கீழே பைன் காடு, அதற்கும் கீழே ஹா ஆற்றில் சேரும் சிற்றோடை. நிலம் வாங்கிய கையோடு உள்ளே வண்டி போகச் சரளைப் பாதை அமைத்தோம். போன ஆண்டு முழங்கால் ஆழம் இருந்த ஒரு பள்ளம் இப்போது என் கணவரின் தோளுயரத்துக்கு வந்துவிட்டது. உடைந்த கான்கிரீட்டும் மண்ணும் கொட்டி நிரப்பித் தருவதாக ஓர் ஒப்பந்தக்காரர் சொல்கிறார். குத்தகைக்காரரோ, "முதலில் டிஸ்ட்ரிக்டைக் கூப்பிடுங்கள்" என்கிறார். அது நம்மூர் கலெக்டர் அலுவலகம் போன்றதா? அதிகாரிகள் வந்து பார்த்தால் அபராதம் போடுவார்களா? காட்டுக்குள் சரிவின் குறுக்கே வரப்பு போல நீளமான மண்மேடுகள் கிடக்கின்றன. ஆடு வளர்க்க நினைக்கிறோம். அவற்றைத் தள்ளிச் சமப்படுத்தலாமா? படங்கள் இணைத்துள்ளோம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

நீங்கள் அனுப்பிய ஐந்து படங்களில் நான்கு பள்ளத்தைக் காட்டுகின்றன. ஐந்தாவது படத்தை வேலியோரம் பூத்திருக்கும் டாக்வுட் மரத்துக்காக எடுத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. ஆனால் உங்கள் கேள்விக்கான விடை அந்தப் படத்தின் இடது ஓரத்தில்தான் இருக்கிறது. சரளைப் பாதையின் அடியிலிருந்து கறுப்பு நெளிவுக் குழாய் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் வாய் தரையைத் தொடாமல் ஒன்றரை அடி உயரத்தில் அந்தரத்தில் நிற்கிறது. குழாயைப் பதித்த அன்று அது தரையோடு தரையாகத்தான் இருந்திருக்கும். கீழே இருந்த மண் போய்விட்டது. பள்ளம் தொடங்கும் இடமும் அதுவே. ஆகவே, சொல்வதற்குச் சங்கடமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: இந்தப் பள்ளத்தைத் தோண்டியது மழையோ குத்தகைக்காரரோ அல்ல, நீங்கள் போட்ட பாதை.

பாதை வருவதற்கு முன்பு மேட்டு வயலிலிருந்து வழிந்த மழைநீர் சரிவு முழுவதும் மெல்லிய படலமாகப் பரவிக் காட்டுக்குள் இறங்கியிருக்கும். அப்போதும் மண் கொஞ்சம் போயிருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி எங்கும் அறுத்திருக்காது. உயர்த்திப் போட்ட பாதை இப்போது ஒரு கரையைப் போலக் குறுக்கே நின்று, அத்தனை நீரையும் ஒன்று திரட்டி, ஒரே குழாயின் வாய்க்கு அனுப்புகிறது. இதை ஓர் எளிய கணக்கில் பார்க்கலாம். ஓர் ஏக்கரில் மணிக்கு ஓர் அங்குல வேகத்தில் மழை பெய்தால் அது ஏறக்குறைய நொடிக்கு 28 லிட்டர் நீர். உங்கள் குழாய்க்கு மேலே 6 ஏக்கர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இங்குள்ள கோடை இடிமழையில் பத்து நிமிட நேரத்துக்கு மணிக்கு 4 அங்குல வேகம் என்பது அபூர்வமல்ல. அதில் பாதி மண்ணுக்குள் போய் மறுபாதி ஓடினாலும் நொடிக்குச் சுமார் 340 லிட்டர் வந்து சேரும். சென்னையில் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட லாரிகளை 35 நொடிக்கு ஒன்றாக ஒரே இடத்தில் கவிழ்த்தால் செம்மண் எப்படித் தாங்கும்?

ஒப்பந்தக்காரரின் யோசனை ஏன் பலிக்காது என்பதற்கும் இதுவே காரணம். இத்தகைய பள்ளம் கீழிருந்து மேல்நோக்கி வளர்கிறது. அதன் தலைப்பகுதியில் நீர் ஒரு சிறிய அருவியாக விழுந்து அடியைக் குடைகிறது. அடி குடைந்ததும் மேல்விளிம்பு தாங்க ஆளில்லாமல் பாளம் பாளமாகச் சரிகிறது. அருவி ஓரடி பின்னுக்கு நகர்கிறது. அடுத்த மழையில் இதே கதை மறுபடியும் நடக்கிறது. கொட்டிய மண்ணுக்கு வேரும் இல்லை, இறுக்கமும் இல்லை என்பதால் முதல் பெருமழையிலேயே அது ஓடைக்குப் போய்ச் சேரும். கான்கிரீட் துண்டுகள் நகராமல் நிற்கலாம், ஆனால் நீர் அவற்றின் இடுக்கில் புகுந்தோ பக்கவாட்டில் சுற்றியோ புதுவழி பிடிக்கும். ஒரு பள்ளம் இருந்த இடத்தில் இரண்டு ஆகும். அதோடு, அந்தப் பள்ளம் சட்டத்தின் பார்வையில் ஓர் ஓடையாகக் கருதப்படுமானால், ராணுவப் பொறியாளர் படைப்பிரிவின் அனுமதியின்றி அதில் எதையும் கொட்ட முடியாது. உங்கள் ஹா ஆறு போய்ச் சேரும் ஜோர்டான் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் வரைபடத்தில் பதிவான ஓடைகளின் இரு கரையிலும் 50 அடிக்குத் தாவரப் பட்டையைக் காக்க வேண்டும் என்ற மாநில விதியும் இருக்கிறது. நீங்கள் அபராதத்துக்கு அஞ்ச வேண்டிய இடம் என்று ஒன்று உண்டானால் அது இதுதான், குத்தகைக்காரர் சொன்ன அலுவலகம் அல்ல.

இனி அந்த அலுவலகத்துக்கு வருகிறேன். இங்கே டிஸ்ட்ரிக்ட் என்ற சொல்லை நாம் மாவட்டம் என்று மொழிபெயர்த்துவிடுவதால் குழப்பம் வருகிறது. நம்மூர் மாவட்டத்துக்கு இணையானது கவுன்டி. மண்-நீர்ப் பாதுகாப்பு டிஸ்ட்ரிக்ட் என்பது மாநிலச் சட்டத்தின் கீழ் அமைந்த ஓர் உள்ளூர் அமைப்பு. அதற்கு ஆட்சியரும் இல்லை, தாசில்தாரும் இல்லை. ஐந்து பேர் கொண்ட ஒரு குழு அதை நடத்துகிறது. வட கரோலினாவில் அவர்களில் மூவரை கவுன்டி மக்கள், கட்சிச் சின்னம் இல்லாத தேர்தலில், வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். இருவரை மாநில ஆணையம் நியமிக்கிறது. பெரும்பாலும் அவர்கள் மாடு வளர்ப்பவர்கள், உலர்புல் விற்பவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். அவர்களுக்குக் கீழே தொழில்நுட்பம் தெரிந்த இரண்டு மூன்று ஊழியர்கள் இருப்பார்கள். பெரும்பாலான கவுன்டிகளில் மத்திய வேளாண்மைத் துறையின் இயற்கைவளப் பாதுகாப்புச் சேவைப் பிரிவும் இவர்களோடு ஒரே கட்டடத்திலோ பக்கத்திலோ இயங்கும். 100 கவுன்டிகள் உள்ள உங்கள் மாநிலத்தில் இத்தகைய டிஸ்ட்ரிக்ட்கள் 96 இருக்கின்றன. நாடு முழுவதும் ஏறத்தாழ 3,000. உங்களுக்கானது பிட்ஸ்பரோவில் இருக்கிறது.

இந்த அமைப்பு ஏன் அதிகாரம் இல்லாமல் உருவாக்கப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டால் உங்கள் அச்சம் தானாகவே குறையும். அந்தக் கதை உங்கள் மாநிலத்தில்தான் தொடங்குகிறது. ஹியூ ஹாமண்ட் பென்னட் என்பவர் 1881-ல் ஆன்சன் கவுன்டியில், வேட்ஸ்பரோ என்ற ஊருக்கு அருகே, ஒரு பருத்திப் பண்ணையில் பிறந்தவர். மண் ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்த அவர் 1905-ல் வர்ஜீனியாவின் லூயிசா கவுன்டியில் அருகருகே இருந்த இரண்டு நிலங்களைப் பார்த்தார். ஒன்று காடு, அதன் மண் கையால் தோண்டும் அளவுக்குப் பொலபொலப்பாகவும் ஈரமாகவும் இருந்தது. மற்றது பல காலம் உழுத வயல். அது செங்கல் போல இறுகிக் கிடந்தது. இரண்டும் ஒரு காலத்தில் ஒரே மண்ணாக இருந்தவைதாம் என்பதும், வயலின் மேல்மண் ஆண்டுக்கு ஆண்டு ஒரு தாளின் தடிமனில் எவர் கண்ணிலும் படாமல் கழுவிப்போயிருக்கிறது என்பதும் அவருக்கு அங்கே உறைத்தன. அதன் பிறகு முப்பது ஆண்டுகள் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். 1935-ன் வசந்தத்தில் மேற்கத்தியச் சமவெளியின் புழுதி வாஷிங்டன் வானத்தையே மறைத்த நாட்களில்தான் நாடாளுமன்றம் அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டது. அந்த ஆண்டு ஏப்ரல் 27 அன்று மண் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது.

ஆனால் வாஷிங்டனில் ஒரு துறை அமைத்தால் மட்டும் ஒரு வயலின் மண் நிற்காது. அடுத்தவர் நிலத்தில் மத்திய அரசு ஊழியர் இறங்கி, இப்படி உழு, அப்படி உழாதே என்று சொன்னால் எந்த விவசாயி கேட்பார்? எனவே உள்ளூர் நிலக்காரர்களே கூடித் தங்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்க வழிசெய்யும் மாதிரிச் சட்டம் ஒன்றை 1937 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் எல்லா மாநில ஆளுநர்களுக்கும் அனுப்பினார். அவ்வாண்டு ஆகஸ்ட் 4 அன்று நாட்டின் முதல் டிஸ்ட்ரிக்ட்டாக பிரவுன் க்ரீக் பதிவானது. அது அமைந்தது ஆன்சன் கவுன்டியில். பென்னட் பிறந்த பண்ணையும் அதன் எல்லைக்குள் வந்தது. விண்ணப்பித்தால் மட்டுமே வருவது, கேட்டால் மட்டுமே சொல்வது, சொன்னதைச் செய்வதும் செய்யாததும் நிலக்காரர் விருப்பம் என்பது அன்று முதல் இன்று வரை இந்த அமைப்பின் அடிப்படை. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறையில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்த எனக்கு, ஆரம்பத்தில் இது கையாலாகாத ஏற்பாடாகவே தோன்றியது. அங்கே ஒரு கிராமத்து நீர்ப்பிடிப்பை முழுவதுமாக எடுத்துக்கொண்டு ஒரே கோடையில் வரப்பு போட்டு முடித்த நினைவு எனக்கு இருந்தது. இங்கே ஒவ்வொரு நிலக்காரரும் தானாகக் கதவைத் தட்டும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் தானாக வந்து தட்டியவர் போட்ட புல்வழி (நீர் மண்ணை அரிக்காமல் ஓடப் புல் வளர்த்த தடம்) பதினைந்து ஆண்டுகள் கழித்தும் பராமரிப்போடு இருப்பதைப் பார்த்தபின் என் எண்ணம் மாறியது.

ஆக, டிஸ்ட்ரிக்ட்டுக்கு உங்களுக்கு அபராதம் விதிக்கும் அதிகாரம் கிடையாது. ஆலோசனைக்குக் கட்டணமும் கிடையாது. நிலத்தைப் பார்க்க வருவதற்குக் குடியுரிமையோ விசா விவரமோ கேட்கமாட்டார்கள். மத்திய வேளாண்மைத் துறையின் நிதித் திட்டங்களில் சேர்வதானாலும் பச்சை அட்டை உள்ளவர்களை வெளிநாட்டவராகக் கணக்கிடுவதில்லை. அந்தத் துறையிடம் நீங்கள் கொடுக்கும் பண்ணை விவரங்களை வெளியாருக்குத் தருவதையும் 2008-ஆம் ஆண்டின் வேளாண் சட்டம் தடுக்கிறது.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லாமல் விட முடியாது. மாநிலத்தின் வேளாண் செலவுப் பகிர்வுத் திட்டம், அனுமதிக்கப்பட்ட பணிகளுக்கு, நிர்ணயிக்கப்பட்ட சராசரிச் செலவில் 75 விழுக்காடு வரை தருகிறது; தொழிலுக்குப் புதிதாக வந்த விவசாயிகளுக்கு 90 விழுக்காடு வரை போகும். மத்திய அரசிடம் இதே போன்ற தனித் திட்டம் உண்டு. இந்தத் தொகை கடனல்ல, ஆனால் இனாமும் அல்ல. மாநிலத் திட்டத்தில் பெரும்பாலான பணிகளைப் பத்து ஆண்டுகள் கெடாமல் பராமரிப்பதாகக் கையெழுத்திட வேண்டும். நடுவில் உழுது அழித்தால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். இன்னொன்றும் உண்டு, அதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். குழு கூடி உங்கள் விண்ணப்பத்தை ஏற்று, ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் ஒரு கூடை மண்ணைப் புரட்டினாலும் அந்தப் பணிக்குப் பணம் கிடைக்காது. "மழைக்கு முன் முடித்துவிடலாம் என்று அவசரப்பட்டோம்" என்று ரசீதுகளோடு வந்து நின்ற எத்தனையோ பேரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டியிருந்திருக்கிறது. ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் கொடுத்திருந்தால் உடனே நிறுத்தி வையுங்கள். உங்கள் சரளைப் பாதை விவசாயப் பணிக்கானது அல்ல என்று அவர்கள் முடிவு செய்தால் குழாயைச் சரிசெய்யும் செலவு உங்களுடையதாகவே இருக்கும். அதற்குக் கீழே உள்ள நிலத்துக்கும் மேலே உள்ள வயலுக்கும்தான் உதவி கேட்க இடம் இருக்கிறது.

அவர்கள் வந்து அளந்து பார்த்தபின் என்ன சொல்வார்கள் என்பதை என்னால் ஓரளவு ஊகிக்க முடியும். பள்ளத்தைத் தொடுவதற்கு முன் அதன் தலைக்கு வரும் நீரைக் குறைப்பார்கள். பாதையில் ஒரே குழாய்க்குப் பதிலாக இரண்டு மூன்று இடங்களில் நீரைப் பிரித்து விடலாம். அல்லது பாதையையே சில இடங்களில் தாழ்த்தி, நீர் மேலே வழிந்து செல்லும்படி விடலாம். குழாயின் வாயைத் தரைமட்டத்துக்கு இறக்கி, அடியில் வடிதுணி விரித்து, அதன் மேல் கருங்கல் பாவி, நீரின் வேகத்தை அங்கேயே அடக்க வேண்டும். அதன் பிறகு நீர் ஓடைக்குப் போகப் புல்வழி ஒன்று அமைப்பார்கள். அது வாய்க்கால் போலக் குறுகி ஆழமாக இருக்காது. தாம்பாளத்தைப் போல அகன்று ஆழமில்லாமல் இருக்கும், டிராக்டர் அதன் குறுக்கே தாராளமாகப் போய்வரலாம். பத்து ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய ஒருநாள் பெருமழையைத் தாங்கும் அளவில் அதை வடிவமைப்பது வழக்கம். விதைக்கும் புற்களில் ஃபெஸ்க்யூ ஒன்று, பெர்முடா ஒன்று. பெர்முடா என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். பிள்ளையாருக்குச் சாத்தும் நம் அருகம்புல்தான் அது. அறுகு போல் வேரோடி என்று மணமக்களை வாழ்த்துகிறோமே, அந்த வேரோட்டத்தைத்தான் இங்கே பொறியாளர்கள் கணக்குப் போட்டுப் பயன்படுத்துகிறார்கள்.

புல்வழியில் எனக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. இங்கே வந்த இரண்டாம் ஆண்டில், ஒரு புகையிலைப் பண்ணைக்கு நான் அளந்து கொடுத்த புல்வழியின் சரிவும் அகலமும் கணக்குப்படி சரியாகவே இருந்தன. ஆனால் நவம்பரில் விதைக்க அனுமதித்துவிட்டேன். விதை முளைத்ததே தவிர குளிரில் வேர் இறங்கவில்லை. டிசம்பர் மழை ஒன்றில் விதை, உரம், வைக்கோல் மூடாக்கு எல்லாம் ஓடையில் மிதந்தன. பண்ணைக்காரர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. மலைகளுக்கும் கடலோரச் சமவெளிக்கும் இடைப்பட்ட நம் பீட்மான்ட் பகுதியில் ஃபெஸ்க்யூவை ஆகஸ்ட் இறுதியிலிருந்து அக்டோபருக்குள் விதைப்பது நல்லது. அருகம்புல்லுக்கு வெயில் காலம் வேண்டும். எது போட்டாலும் வேர் பிடிக்கும்வரை நீரை வேறு பக்கம் திருப்பி வைக்க வேண்டும், அல்லது தென்னைநார் விரிப்பால் மூட வேண்டும்.

மேட்டு வயலையும் மறந்துவிட வேண்டாம். குழாய் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வயல் நீரைக் குடிக்காவிட்டால் தொல்லை தீராது. உங்கள் கவுன்டியின் மேற்குப் பகுதியில் ஜார்ஜ்வில் எனப்படும் மண் பரவலாக இருக்கிறது: மேலே வண்டல் கலந்த மென்மையான அடுக்கு, கீழே சிவந்த களி. மேல் அடுக்கு எளிதில் கரையும். அது போய்விட்டால் அடியில் உள்ள களி நீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். பருத்தியும் புகையிலையுமாக நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் உழுததில் தெற்குப் பீட்மான்ட் முழுவதும் சராசரியாக 7 அங்குல மேல்மண் போய்விட்டதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆழமான மண்ணுக்கு ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 டன் வரையிலான இழப்பைத் தாங்கத்தக்கது என்று இந்தத் துறை கணக்கில் கொள்கிறது. 5 டன் என்றால் லாரி லோடு போல நினைக்கத் தோன்றும். ஓர் ஏக்கரில் பரப்பினால் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இராது, உங்கள் சட்டைப்பையில் உள்ள பத்து சென்ட் நாணயத்தைவிட மெல்லியது. வயலில் நின்று பார்ப்பவருக்கு அந்த இழப்பு தெரியவே தெரியாது.

தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. பைன் காட்டிலிருந்து ஒரு மண்கட்டி, சோயா வயலிலிருந்து ஒரு மண்கட்டி, இரண்டையும் கோலிக்குண்டு அளவில் எடுத்து நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் நீர் நிரப்பி, பழைய டீ வடிகட்டி ஒவ்வொன்றிலும் ஒரு கட்டியை வைத்து, நீரில் மூழ்கும்படி மெதுவாக இறக்குங்கள். வயல் மண்கட்டி ஓரங்களில் குமிழிவிட்டு, கூழாகிக் கலைந்து, ஓரிரு நிமிடத்தில் தம்ளரின் அடியில் செம்படலமாகப் படிந்தால் வியப்பில்லை. காட்டு மண்கட்டி அரைமணி நேரம் கழித்தும் முழுதாக, அதைக் கட்டிப் பிடித்திருக்கும் மெல்லிய வேர்நார்களோடு, அப்படியே உட்கார்ந்திருக்கும். பென்னட் லூயிசாவில் கண்டதை உங்கள் சமையலறை மேசையில் பார்த்துவிடலாம். அந்தத் தம்ளர்களைக் குத்தகைக்காரரிடமும் காட்டுங்கள். அவர் உழாமல் விதைப்பவராக இருக்கக்கூடும். இல்லையெனில், சோயா அறுத்தபின் குளிர்காலத்தில் நிலத்தை வெறுமனே விடாமல் ரை, குளோவர் போன்ற மூடுபயிர் விதைப்பதற்கும் டிஸ்ட்ரிக்ட்டில் உதவி கேட்கலாம். குத்தகையை அடுத்து எழுதும்போது மூடுபயிரை ஒரு நிபந்தனையாகச் சேர்த்து, அதற்கு ஈடாக வாடகையில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். அவருக்கு ஆகும் செலவை அவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. டிஸ்ட்ரிக்டைக் கூப்பிடச் சொன்ன மனிதர் நல்லவராகத்தான் இருக்க வேண்டும்.

காட்டுக்குள் இருக்கும் மண்மேடுகளை வரப்பு என்று நீங்கள் எழுதியது மிகச் சரி. அவற்றைத் தள்ள வேண்டாம். இன்று பைன் நிற்கும் இடங்களில் பெரும்பகுதி ஒரு காலத்தில் பருத்தி வயலாக இருந்தது. மண் தேய்ந்தபின் கைவிடப்பட்டுக் காடானது. உங்கள் மேடுகள் அந்தக் காலத்து உழவர்கள் மண்ணைக் காக்கப் போட்டவை. உங்கள் வீட்டிலிருந்து தொலைவில் இல்லாத வேக் ஃபாரஸ்ட் அருகே பிரீஸ்ட்லி மேங்கம் என்ற விவசாயி 1885-ல் அமைத்த அகன்ற வரப்பு, மேங்கம் வரப்பு என்ற பெயரில் தெற்கு மாநிலங்கள் எங்கும் பரவியது. நம் வரப்பு நீரைத் தேக்கி நிறுத்தும். மேங்கம் வரப்பு நீரை நிறுத்தாது. சரிவின் குறுக்கே மிக மெல்லிய இறக்கத்தோடு அது ஓடி, நீரை அவசரமில்லாமல் ஓரமாக நடத்திச் சென்று வெளியே விடும். மேலும் அது மிக அகலமாக இருப்பதால் அதன் மேலேயே உழுது பயிரும் செய்யலாம். உங்கள் காட்டில் இருப்பவை மேங்கம் வகையா, அதற்கு முந்தைய குறுகிய வகையா என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். எந்த வகையானாலும் அவை இன்றும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. புல்டோசர் வைத்துத் தள்ளினால் பள்ளம் இப்போது நிற்கும் இடத்தில் நிற்காமல் காடு முழுவதும் கிளை பிரியும். ஓர் இடத்தில் வரப்பு உடைந்திருக்கிறதா என்று மட்டும் நடந்து பாருங்கள், அந்த உடைப்பும் நீர் ஒன்று சேரும் இடமாகிவிடும்.

ஆடு வளர்க்கலாம். ஆடு புல்லைவிடத் தழையை விரும்பித் தின்பதால் காட்டின் அடியில் வளரும் புதர்களை அடக்க அது உதவும். ஆனால் ஒரே இடத்தில் அடைத்து வைத்தால் ஒரு பருவத்தில் தரையை மொட்டையாக்கிவிடும். நிலத்தை நான்கைந்து அடைப்புகளாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய விடுங்கள்; பள்ளத்தின் பக்கமும் ஓடைக்கரையிலும் வேலி போட்டு ஆடுகளை விலக்கி வையுங்கள். ஓடைக்கு வேலி, ஆடுகளுக்குத் தனியே குடிநீர்த் தொட்டி, இரண்டுக்கும் செலவுப் பகிர்வு கேட்க முடியும். காட்டை அழித்து உழவு செய்யும் எண்ணம் பின்னாளில் வந்தால், அதற்கு முன் மத்திய வேளாண்மைத் துறை அலுவலகத்தில் அந்த நிலம் மிகையாக அரிக்கப்படும் வகையைச் சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட நிலத்தில் பாதுகாப்புத் திட்டம் இல்லாமல் ஆண்டுப் பயிர் செய்தால் மத்திய வேளாண் உதவிகளில் பெரும்பாலானவற்றை இழக்க நேரும் என்று 1985 முதல் சட்டம் இருக்கிறது.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. பிட்ஸ்பரோ அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, "எங்கள் நிலத்தில் அரிப்புப் பள்ளம் இருக்கிறது, ஒருவர் வந்து பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள், அவ்வளவு சொன்னால் போதும். நிலத்தின் வரைபடமும் மத்திய வேளாண்மைத் துறை கொடுத்த பண்ணை எண்ணும் கையில் இருந்தால் வேலை விரைவாக நடக்கும். பண்ணை எண் குத்தகைக்காரருக்குத் தெரிந்திருக்கும். புல் விதைப்பதானால் சுண்ணாம்பு எவ்வளவு வேண்டும் என்று தெரிய மண் பரிசோதனை அவசியம், ஏனெனில் இங்குள்ள செம்மண் பொதுவாகப் புளிப்பானது. மேய்ச்சல் நிலத்துக்கு 4 அங்குல ஆழத்திலிருந்தும் உழும் நிலத்துக்கு 8 அங்குல ஆழத்திலிருந்தும் மண் எடுங்கள். மாநிலப் பரிசோதனைக் கூடம் ஏப்ரல் முதல் நவம்பர் வரை இதைக் கட்டணமின்றிச் செய்கிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை மாதிரிக்கு 4 டாலர். எந்த வேலைக்கும் குழி தோண்டும் முன் 811 எண்ணை அழைத்து நிலத்தடிக் கம்பிகளைக் குறித்துத் தரச் சொல்வது கட்டாயம்.

அவர்கள் வரும் நாள் பெரும்பாலும் வெயில் நாளாகத்தான் இருக்கும், பள்ளமும் வறண்டு சாதுவாகக் கிடக்கும். அதற்குள் ஒரு நல்ல மழை வந்தால், இடி ஓய்ந்தபின், குடையோடு போய்க் குழாயின் வாயில் நீர் எந்த உயரத்துக்கு ஓடுகிறது, வயலின் எந்த மூலையிலிருந்து அது கலங்கி வருகிறது என்பதை ஒரு நிமிடம் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தின் விளிம்பிலிருந்து மட்டும் பத்தடி தள்ளியே நில்லுங்கள். அடி குடைந்திருப்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது.